தெரிந்த பகிடிக்குத் திரும்புதல்

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் தொடங்கி ஈச்சிலம்பற்று வரையிலும், குடாவுக்கு மேற்கே தம்பலகாமத்து வயல் ஊர்களிலும் கூத்து ஆடி வந்த பரம்பரைகள் உண்டு. கூத்துப் போடுவதென்று ஊர் முடிவெடுத்தால் முதல் வேலை ஆள் தெரிவு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்துக் கொடுப்பார். சட்டங் கொடுத்தல் என்று இதைச் சொல்வார்கள். அரசனுக்கு நிமிர்ந்த உடம்பும் விடியும்வரை தாங்கும் குரலும் வேண்டும். பெண் வேடத்துக்கு நளினம் வேண்டும். பகிடி வேடத்துக்கு வேண்டியது வாய். அது யாரிடம் இருக்கிறதென்பதை ஊர் முன்பே அறியும். அதனால் போன கூத்தில் சனத்தைச் சிரிக்க வைத்தவனையே அடுத்த கூத்திலும் சனம் எதிர்பார்க்கும். கதை மாறும், அரசர் மாறுவர், அவன் மட்டும் திரும்பி வருவான்.

வட்டக் களரியில் அவனுக்கு ஒரு தனி வசதி. சனம் நாலு பக்கமும் இருக்கிறது. நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும். அரச வேடக்காரர் தாளக்கட்டுக்கு ஆடித் தம் வரவைப் பாட்டில் சொல்லும்போது, அரசன் வருகையை அறிவிக்க வரும் கட்டியகாரனோ ஊர்ப் பேச்சில் பேசலாம். ஏட்டில் அவனுக்கு எழுதப்பட்டிருப்பது கொஞ்சம். களரியில் அவன் பேசுவது அதைவிடக் கூட. கேரளத்துக் கூடியாட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. நாயகன் சமஸ்கிருதத்தில் நிற்க, விதூஷகனாக வரும் சாக்கியார் மலையாளத்தில் விரித்துப் பேசுவார். உயர்ந்த மொழிக்கும் வீட்டு மொழிக்கும் நடுவில் நின்று இரண்டையும் சனத்துக்குக் கடத்தும் வேலை தென்னாசிய அரங்கில் நகைச்சுவை நடிகனுடையதாக நெடுங்காலம் இருந்திருக்கிறது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ தொடங்கி ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டு வந்தார். அது பெரும் பணி. படித்த வர்க்கம் கூத்தைப் பார்க்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். ஆனால் ஓர் இரவு முழுதும் நடந்ததை இரண்டு மணிக்குள் அடக்கும்போது முதலில் சுருங்குவது பகிடிக்காரனின் நேரமாகத்தான் இருக்கும். அவன் பேச்சு ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாததைச் செப்பனிட்டுக் காப்பாற்ற முடியாது. ஈழத்துக் கூத்து ஆய்வில் ஆட்டமும் தாளமும் உடுப்பும் இத்தனை நுட்பமாகப் பேசப்பட்டிருக்க, பகிடிக்காரன் எப்படிப் பேசினான், எங்கே நிறுத்தினான், சனம் எங்கே சிரித்தது என்பதற்கு அதே அளவு இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இந்த ஆதங்கம் நகைச்சுவை நடிப்பு முழுவதற்கும் பொருந்தும். ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்ப நடிப்பவரைத் தேங்கிப் போனவராகப் பார்க்கும் வழக்கம் நம் விமர்சனத்தில் இருக்கிறது. சோக வேடத்துக்கு அந்தக் குறை சொல்லப்படுவதில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து ‘அரிச்சந்திரா மயான காண்ட’த்தை வாழ்நாள் முழுதும் ஆடினார், அதை நாம் சாதனை என்று சரியாகவே சொல்கிறோம். அதே உழைப்பைப் பகிடி வேடத்துக்குக் கொடுத்தவருக்கு அதே மரியாதை கொடுத்தோமா? தெரிந்த பகிடிக்கு மறுபடி உயிர் கொடுப்பது புதிய பகிடி சொல்வதைவிடக் கடினமான கலை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு ஈழத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைட்’.

பாலச்சந்திரன் 1944 ஜூலை 10 அன்று வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்தவர். மேடை, வானொலி, திரை, தொலைக்காட்சி, எழுத்து என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். சில்லையூர் செல்வராசன் எழுதி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ஒலித்த ‘தணியாத தாகம்’ தொடரில் நடித்தார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978-இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார். பின்னாளில் ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்ற நாவலையும் எழுதினார். இவ்வளவும் இருந்தும் ஊர் அவரை அடையாளம் கண்டது ஒரு பஸ் கொண்டக்டராக. ‘அண்ணை றைட்’ ஒரு தனிநடிப்பு. மேடையில் அவர் ஒருவரே. பஸ் கிடையாது, சாரதி கிடையாது, பயணிகள் கிடையாது. அவருடைய பேச்சும் உடம்பும் மட்டுமே சன நெரிசல் கொண்ட யாழ்ப்பாணத்து பஸ் ஒன்றைக் கண்முன் நிறுத்தும். வண்டியை எடுக்கலாம் என்று சாரதிக்குக் கொண்டக்டர் குரல் கொடுக்கும் அந்த இரண்டு சொல்லே நிகழ்ச்சியின் பெயராயிற்று. அவருடைய பெயரோடும் ஒட்டிக்கொண்டது. இலங்கையின் ஊர் மேடைகளிலும், பிறகு தமிழர் சிதறிப் போன நாடுகளின் மண்டபங்களிலும் அவர் அதை நடித்தார். ஒலிப்பதிவாகவும் அது வீடுகளுக்குள் போயிற்று.

ஏன் ஒரு கொண்டக்டர்? இலங்கையின் பஸ் சேவைகள் 1958 ஜனவரி 1 அன்று தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. சிவப்பு பஸ் ஊருக்கு ஊர் போயிற்று. காக்கிச் சட்டையும் தோளில் காசுப் பையும் கொண்ட அந்த மனிதர் அரசாங்கத்தின் ஆள். அதே நேரம் எல்லோரோடும் உரசி நிற்கும் ஆள். வடக்கில் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் யார் வரலாம் என்பதற்கு அடிபட்ட காலம் அது. 1966-இல் எழுந்த சாதி ஒழிப்புப் போராட்டம் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் பெரும் மோதலாயிற்று. கோயில் கதவு அடைபட்டுக் கிடந்த அந்த ஆண்டுகளில் பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் ஒரே ரிக்கற், எல்லாருக்கும் ஒரே நெரிசல். சந்தைக்குப் போகும் பெண்ணையும் கந்தோருக்குப் போகும் உத்தியோகத்தரையும் ஒரே குரலில் பின்னுக்குத் தள்ளி நிற்கச் சொல்லும் அதிகாரம் கொண்டக்டருக்கு இருந்தது. யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் அப்படி ஒரு குரல் வேறெங்கே கேட்டது? அந்தக் குரலை மேடைக்குத் தேர்ந்தெடுத்ததே பாலச்சந்திரனின் முதல் வெற்றி. இதை வெறும் பொழுதுபோக்காகக் கண்டவர்கள் அந்த பஸ்ஸுக்குள் இருந்த சமூகத்தைப் பார்க்கத் தவறினார்கள்.

பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பெர்க்சன் 1900-இல் நூலாக வெளியிட்ட சிரிப்பு பற்றிய கட்டுரைகளில், உயிருள்ள மனிதன் இயந்திரம் போல் இயங்கும் இடத்தில் சிரிப்பு பிறக்கிறது என்றார். கொண்டக்டர் வேலை அதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு தரிப்பிலும் அதே மணி, அதே கூப்பாடு, அதே மிச்சக் காசுத் தகராறு. வேலைக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருதல் இருக்கிறது. அந்த வேலையை நடிப்பவர் மேடைக்கு மேடை மறுபடியும் அதைச் செய்யும்போது திரும்புதல் இரட்டிப்பாகிறது. இங்கேதான் பெர்க்சனின் விளக்கம் போதாமல் போகிறது. முதல் முறை பார்ப்பவர் எதிர்பாராததற்குச் சிரிக்கிறார். பத்தாம் முறை பார்ப்பவருக்கு எதிர்பாராதது எதுவும் இல்லை. வரப்போகும் வசனம் அவருக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லியும் இருப்பார். ஆனாலும் சிரிக்கிறார், சொல்லப்போனால் வசனம் வருமுன்பே சிரிக்கத் தொடங்குகிறார்.

இந்த முந்திவரும் சிரிப்பு நடிகனுக்குப் பெரிய சோதனை. சனம் சிரிக்கிறதே என்று வசனத்தை விழுங்கினால் பாத்திரம் செத்துப்போகும். சிரிப்பை அடக்கிவிட்டுப் பேச முயன்றால் சனத்தோடு சண்டையாகும். அந்தச் சிரிப்பைக் கேட்காதவன் போல், தன் பஸ்ஸில் இன்னும் இடமில்லை என்ற ஒரே கவலையோடு கொண்டக்டர் நின்றாக வேண்டும். பாத்திரத்துக்குத் தான் பகிடி செய்வது தெரியக்கூடாது. நூறாவது முறையும் அந்தக் கிழவியின் கடகம் வழியை அடைத்துக் கிடப்பதைக் கண்டு அவனுக்கு உண்மையாகவே எரிச்சல் வர வேண்டும். தெரியாதவனாக நிற்கும் இந்தப் பயிற்சிதான் நகைச்சுவை நடிகனின் தவம். வைரமுத்துவின் அரிச்சந்திரனுக்கு அழ ஒரு விருத்தம் துணை நின்றது, இசை துணை நின்றது. கொண்டக்டருக்குத் துணை எதுவும் இல்லை.

தமிழ்நாட்டின் ஸ்பெஷல் நாடகத்திலும் இந்தத் தவத்தைப் பார்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வரும் அந்த நாடகங்களில் நிரந்தரக் குழு இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாக அமர்த்தப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பர். இரவு பத்து மணிக்குப் பிறகு தொடங்கி விடியும்வரை நடக்கும் ‘வள்ளி திருமண’த்துக்கு முன்னால் முதல் இரண்டு மணிநேரம் பபூனுடையது. மதுரையில் தங்கி இந்த நடிகர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூலில் பபூனின் மேடைப் பேச்சைச் சொல் சொல்லாக எடுத்து ஆராய்ந்தார். பழக்கப்பட்ட அதே கட்டங்களை ஒவ்வோர் ஊரிலும் அந்தந்தச் சனத்துக்கு ஏற்ப எப்படி வளைக்கிறார்கள் என்பதையும், சனம் அவர்களைப் பார்த்து ரசித்துக்கொண்டே அவர்களை இழிவாகவும் நினைப்பதையும் அவர் காட்டினார். அப்படி ஓர் ஆய்வு ‘அண்ணை றைட்’டுக்கு நடந்திருக்க வேண்டும்.

பழகிய வேடம் என்ற விஷயத்தில் உலக அரங்கில் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். ஒருவர் இத்தாலியின் ஃபெருச்சோ சொலேரி. கோல்டோனி 1746-இல் எழுதிய ‘இரு எசமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்தை ஜோர்ஜோ ஸ்ட்ரேலர் 1947-இல் மிலான் பிக்கோலோ அரங்கில் தயாரித்தார். அதில் அர்லெக்கினோ என்ற கோமாளி வேடம் முதலில் மார்ச்செல்லோ மொரெத்தியுடையது. அவரிடமிருந்து அதைப் பெற்ற சொலேரி 1960 அளவில் தொடங்கி எண்பது வயதைக் கடந்தும் அதே வேடத்தில் துள்ளினார். அவருக்கு முகமூடி இருந்தது. முகமூடிக்குள் முகம் மூப்படைவதைச் சனம் காணாது. உடம்பு மட்டும் இளமையாக இருந்தால் போதும். மற்றவர் சாப்ளின். 1914-இல் திரைக்கு வந்த அவருடைய நாடோடி 1936-இல் ‘மொடேர்ன் டைம்ஸ்’ படத்தோடு விடைபெற்றான். படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. நாடோடி ஒரு மொழியில் பேசிவிட்டால் ஒரு ஊருக்குச் சொந்தமாகிவிடுவான் என்பதை சாப்ளின் அறிந்திருந்தார். அந்தக் கடைசிப் படத்திலும் அவன் பாடும் பாட்டு எந்த மொழியும் இல்லாத வெறும் ஒலிதான்.

பாலச்சந்திரனின் கொண்டக்டர் இந்த இருவருக்கும் மறுபக்கம். அவனுக்கு முகமூடி இல்லை, பேச்சைத் தவிர வேறு உடைமையும் இல்லை. அவன் ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமானவன்; அந்த ஊரின் பேச்சு விளங்காதவருக்கு அவன் வெறும் சத்தம். அதனாலேயே அந்தப் பேச்சு விளங்கியவர்களுக்கு அவன் வேறு யாரும் தர முடியாத ஒன்றைத் தந்தான். இது எத்தனை பெரியது என்பது பிறகு வந்த ஆண்டுகளில்தான் தெரிந்தது.

அதற்கு முன் இன்னொரு கூட்டத்தையும் பார்க்க வேண்டும். 1970களில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவைத் தொடர் வீடுகளைக் கட்டிப்போட்டது. எஸ். ராமதாஸ் மரைக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழைப் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பேசினார். இந்துவான ராமதாஸ் முஸ்லிமாகவும் முஸ்லிமான ஹமீத் பிராமணராகவும் வந்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் மனம் மலர்கிறது. தொடர் 1976-இல் ‘கோமாளிகள்’ என்ற படமாயிற்று. அதன் பிறகு இந்த நடிகர்களுக்கு வேடமே முதற்பெயர். மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் சுவரொட்டியும் செய்தித்தாளும் எழுதின. அவர்கள் வேடத்துக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. வேடம் அவர்களை விட்டுப் போகவில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் இந்தத் தொடரைக் கேட்பதற்கும் வேறெங்கோ கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறக்குறைய 3,80,000. அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பது அளவில், தமிழர் முப்பது அளவில், சிங்களவர் இருபத்தேழு அளவில். கிண்ணியாவின் தமிழும் சாம்பல்தீவின் தமிழும் கந்தளாயில் சிங்களவர் பேசும் தமிழும் நகரின் பஸ் நிலையத்தில் ஒரே நாளில் காதில் விழும். மரைக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் இங்கே கற்பனை ஆட்கள் இல்லை. அடுத்த கடைக்காரரும் அடுத்த இருக்கைக்காரரும்தான். நடிகன் பேச்சுத் தவறினால் உடனே பிடிபடுவான். கொச்சைப்படுத்தினால் உடனே நோகும்.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் காட்டினார். பேச்சுவழக்கை வைத்து எழும் பகிடி எள்ளலுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. பிறர் தம்மை எள்ளுவதும் எள்ளலே என்று உரைகாரர்கள் விரித்தது இங்கே கவனிக்கத்தக்கது. சிரிப்புக்கு இரண்டு கரை உண்டு. கோமாளிகள் நால்வரும் கதையில் நண்பர்கள் என்பது அந்தத் தொடரைக் காப்பாற்றியது. ஆனால் படம் வந்த மறு ஆண்டே 1977 ஆகஸ்ட் கலவரம், பிறகு 1983 ஜூலை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். திருகோணமலை மாவட்டத்தில் மூன்று சமூகத்தவரும் மாறி மாறி வீடிழந்தார்கள், உயிரிழந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகு உபாலியின் சிதைந்த தமிழுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் சிரிக்க முடியுமா? என்னால் முடியவில்லை. பழகிய வேடத்துக்குத் திரும்புவது நடிகனால் மட்டும் ஆவதில்லை, சனமும் திரும்பி வர வேண்டும். அந்தப் பழைய சனம் இப்போது இல்லை. 2016-இல் ராமதாஸ் காலமானபோது எழுந்த துயரத்தில் அந்த நான்கு பேரும் ஒரே பாயில் இருந்து பேசிய காலத்துக்கான ஏக்கமும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கொண்டக்டரின் பகிடிக்கு இந்த இடர் குறைவு. அவன் எள்ளுவது தன் சொந்த ஊரை. சிரிப்பவரும் அந்த பஸ்ஸில் நெரிபட்டவர். எள்ளுபவன், எள்ளப்படுபவர், சிரிப்பவர் மூவரும் ஒரே வண்டியில் இருக்கும் நகைச்சுவை நெடுநாள் தாங்குகிறது.

ஆனால் அந்த வண்டி ஓடிய வீதி தாங்கவில்லை. 1990-இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றது. மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது 2014-இல். ஏ-9 வீதி 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. யாழ்ப்பாணத்தாருக்குத் தரைவழி அடைபட்ட அந்தக் காலங்களில் திருகோணமலைத் துறைமுகம் அவர்களுடைய பஸ் நிலையமாயிற்று. காங்கேசன்துறைக்குக் கப்பல் இங்கிருந்து போயிற்று. அனுமதிப் பத்திரத்துக்கும் ரிக்கற்றுக்கும் நகரின் விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் மண்டபங்களிலும் சனம் நாட்கணக்கில் காத்துக் கிடந்தது. சோதனை, பதிவு, வரிசை, பொதி திறத்தல், மறுபடி வரிசை. வயதானவர்களும் நோயாளிகளும் சிறு பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் உரிமையோடு பின்னுக்குப் போகச் சொல்லி அதட்டக்கூடிய, அதட்டுப்பட்டவரும் சிரித்துக்கொண்டே நகரக்கூடிய அந்தப் பழைய நெரிசல் அங்கே இல்லை. துவக்கோடு நிற்பவன் ஒழுங்குபடுத்தும் வரிசையில் பகிடிக்கு இடம் ஏது?

இதே ஆண்டுகளில் கனடாவிலும் பிற நாடுகளிலும் பாலச்சந்திரன் அதே கொண்டக்டராக மேடையேறினார். அவர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்திருந்தார். ரொறன்ரோ நகரில் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தார்கள். ஊரில் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது ‘அண்ணை றைட்’ நாளாந்தத்தைப் பகிடியாக்கிற்று. காலையில் பஸ்ஸில் நெரிபட்டவர் மாலையில் கோயில் மேடையில் அந்த நெரிசலைப் பார்த்துச் சிரித்தார். வெளிநாட்டு மண்டபத்தில் அதே சொற்கள் வேறு வேலை செய்தன. அங்கே இருந்தவர்களில் பலருக்கு ஊருக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. தரிப்பிடங்களின் பெயர் கேட்டாலே தொண்டை அடைக்கும். அந்த நிலையில் அவர்களைச் சிரிக்க வைத்தது பெரிய காரியம். பகிடி வேடத்தை அழுகைக்கு விட்டுக்கொடுக்காமல் பகிடியாகவே நடிப்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். ஊர் நினைவை வைத்துக் கண்ணீர் வரவழைப்பது எளிது. அந்த ஆண்டுகளின் புலம்பெயர் மேடை அதை நிறையவே செய்தது. கொண்டக்டர் எரிச்சல்படுவதை விடவில்லை. அவனுக்கு பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நினைவேக்கத்தை விற்கும் சரக்காக அது மாறிவிடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 1970களின் இறுதியில் தனியார் பஸ்கள் வந்தபிறகு ஊரின் கொண்டக்டரும் மாறிவிட்டார். மேடைக் கொண்டக்டர் மாறவில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த பஸ் கதையில் வரும் தேர் மாதிரி. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை, தாயும் தகப்பனும் வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது. போர்க் காலத்து வீடுகளில் ஊரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் செத்தவர் கணக்காகவும் இழந்த காணியாகவுமே இருந்தது. ஊர் என்பது சிரிப்புக்குரிய இடமாகவும் இருந்ததென்பதற்கு அந்தப் பிள்ளைக்கு வேறென்ன சான்று கிடைத்திருக்கும்?

2014 பெப்ரவரி 26 அன்று பாலச்சந்திரன் ரொறன்ரோவில் காலமானார். அன்றோடு ‘அண்ணை றைட்’டும் நின்றது என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஒலிப்பதிவு இருக்கிறது. கேட்கலாம். ஆனால் ஒலிப்பதிவில் இருக்கும் சிரிப்பு அன்றைய சனத்தின் சிரிப்பு. இன்றைக்குக் கேட்பவர் முந்திச் சிரித்தாலும் கொண்டக்டர் அவருக்காக ஒரு கணம் பொறுக்கமாட்டான். சென்னையில் கிரேஸி மோகன் எழுதிய நாடகங்களில் மாது என்ற பாத்திரம் அவருடைய தம்பி பாலாஜிக்குப் பெயராகவே ஆயிற்று. 2019-இல் மோகன் மறைந்த பிறகும் குழு நாடகங்களை நடத்துகிறது. மொரெத்தியின் அர்லெக்கினோ சொலேரியிடம் வந்தான். கூத்தில் கட்டியகாரன் யாருக்கும் சொந்தமில்லை. கிழவர் ஆடமுடியாமல் போனால் அவரைப் பார்த்துப் பார்த்து வாய் பழகிய இளைஞன் ஒருவன் களரிக்குள் இறங்குவான். ‘அண்ணை றைட்’ மட்டும் ஒரே உடம்பில் தங்கிவிட்டது. தனிநடிப்பின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். நம் நாடகப் பயிற்சிக் களங்களில் கூத்தின் ஆட்டத்தைக் கற்பிக்கிறோம். ஒரு தனிநடிப்பை மூத்தவரிடமிருந்து இளையவர் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நாம் உண்டாக்கவில்லை.

கூத்துக்கும் இந்த ஆபத்து இல்லாமலில்லை. 2006-இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பியது 2015, 2016 ஆண்டுகளில். பத்து ஆண்டு என்பது ஒரு கட்டியகாரன் அடுத்தவனுக்கு வாய் கொடுக்கும் காலம். ஆட்டத்தை முகாமிலும் பழக்கலாம், தாளக்கட்டை எழுதியும் வைக்கலாம். ஊர்ப் பேச்சில் ஊரைச் சீண்டும் கலைக்கு ஊர் கூடியிருக்க வேண்டும். யார் வீட்டு மாடு யார் வயலுக்குள் போயிற்று என்பது சனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடு திரும்பியவர்களுக்குக் கிணறும் கூரையும் பள்ளிக்கூடமும் முதலில் தேவைப்பட்டன. களரி அதற்குப் பிறகே வரும். வரும்போது பகிடிக்காரனுக்குரிய நேரத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும் என்று அண்ணாவியார்களிடம் கேட்டுக்கொள்வேன்.

இளைய நடிகர் யாரேனும் இந்த மாவட்டத்தில் கொண்டக்டர் வேடத்தை எடுக்க நினைத்தால், யாழ்ப்பாணத்து பஸ்ஸை அப்படியே ஓட்ட வேண்டியதில்லை. அவருக்கென்று ஒரு வீதி காத்திருக்கிறது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதியில் 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை எனப்படும் மிதவையில்தான் நீரைக் கடக்க வேண்டியிருந்தது; வெருகல் உள்ளிட்ட மற்ற ஆறுகளுக்கும் அடுத்த ஓரிரு ஆண்டுகள்வரை பாதைதான். பஸ் கரையில் நிற்கும், சனம் இறங்கும், வண்டியும் ஆட்களும் ஒன்றாகப் பாதையில் ஏறுவதற்குக் காத்து நிற்பார்கள். கிண்ணியா மீன் வியாபாரியும் தோப்பூர் நெல்லுக்காரரும் மூதூர் ஆசிரியையும் சேருவிலவுக்குப் போகும் சிங்களக் குடும்பமும் ஒரே கரையில். அந்தக் கொண்டக்டருக்கு மூன்று பேச்சும் வேண்டும். எவரையும் நோகடிக்காமல் எல்லாரையும் அதட்டும் உரிமையை அவர் சனத்திடமிருந்து சம்பாதிக்க வேண்டும். உபாலிக்கும் மரைக்காருக்கும் நேர்ந்ததைப் படித்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கலாம். அந்த வீதியில் ரிக்கற் கிழித்த இ.போ.ச. கொண்டக்டர்கள் ஓய்வு பெற்று இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். பாதை இழுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போக வேண்டிய காலம் இது.